நேரு (குடும்பப் பெயர்)

நேரு என்பது காஷ்மீரி பண்டிதர் குடும்பம் ஒன்றின் பெயர். அதன் மூலப் பெயர் கவுல். மொகலாயப் பேரரசர் பரூக்சியர் காலத்தில், 1716 வாக்கில், ராஜ் கவுல் என்ற சமஸ்கிருத, பாரசீகப் பண்டிதர் காஷ்மீரிலிருந்து டெல்லிக்குக் குடிவந்தார். கால்வாய்க் கரையில் ஒரு வீடும், ஜாகீர் எனும் மானிய நிலமும் அவருக்குக் கிடைத்தன. பாரசீகத்தில் கால்வாய்க்கு ‘நஹர்’ என்று பெயர். ஊரில் கவுல்கள் பலர் இருந்ததால், இவர்கள் கவுல்-நேரு ஆனார்கள்; பிறகு கவுல் உதிர்ந்து நேரு மட்டும் நின்றது. ஜவாஹர்லால் நேரு 1936-இல் வெளியான தன் வரலாற்றில் சொல்வது இதுதான்.

கதை அழகாக இருக்கிறது. அதனாலேயே கொஞ்சம் சந்தேகமும் வருகிறது. சப்ரூ, கட்ஜூ, குன்ஸ்ரூ என்று காஷ்மீரி பண்டிதர் பெயர்கள் பல ‘ஊ’காரத்தில்தான் முடிகின்றன. ‘நஹர்’ டெல்லிச் சொல்லாகவே இருந்தாலும், அதன் வால் காஷ்மீருடையது. பெயரே காஷ்மீர் ஊர் ஒன்றிலிருந்து வந்தது என வாதிடும் காஷ்மீர் அறிஞர்களும் உண்டு. குடும்ப ஆவணங்கள் 1857 கலகத்தில் அழிந்துவிட்டதால் வழக்கை முடிக்க வழியில்லை.

குடியிருந்த இடம் பெயராவது புதுமையல்ல. நார்வேயில் முன்பு பண்ணையின் பெயரே ஆளின் பெயராக இருந்தது. பண்ணை மாறினால் பெயரும் மாறியது. நிலையான குடும்பப் பெயர் வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது 1923-இல்தான்.

டெல்லியில் நேருக்கள் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு வாழ்ந்தார்கள். ஜாகீர் தேய்ந்தது. லட்சுமி நாராயண் நேரு மொகலாய அரசவையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வக்கீலானார். அவர் மகன் கங்காதர் நேரு, 1857-க்குச் சற்று முன்புவரை டெல்லியின் கொத்தவால், அதாவது நகரக் காவல் தலைவர். கலகம் ஒடுக்கப்பட்டபோது குடும்பம் ஆக்ராவுக்கு ஓடியது. வழியில் வெள்ளைச் சிப்பாய்கள் மறித்தார்கள். கூட வந்த சிறுமி மிகச் சிவப்பாக இருந்ததால், ஆங்கிலேயக் குழந்தையைக் கடத்துகிறார்கள் என்று சந்தேகம். அந்த நாட்களில் அதற்கு விசாரணையெல்லாம் கிடையாது, பக்கத்து மரம்தான் தண்டனை. கங்காதரின் மூத்த மகன்களுக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்திருந்தது, அதனால் தப்பினார்கள்.

கங்காதர் 1861-இல் ஆக்ராவில் இறந்தார். அதன்பின் மூன்று மாதம் கழித்துப் பிறந்தவர் மோதிலால் நேரு. தமையன் நந்தலால் அவரை வளர்த்தார்; குடும்பம் அலகாபாத்துக்குப் பெயர்ந்தது.

உலகம் அறிந்த கிளையில் பெயர் சீக்கிரமே முடிந்துபோனது. மோதிலாலுக்கு வளர்ந்து ஆளான ஒரே மகன் ஜவாஹர்லால். அவருக்கு ஒரே மகள். 1942-இல் பெரோஸ் காந்தியை மணந்த இந்திரா, காந்தி ஆனார். பெயரைக் காத்தது நந்தலாலின் வழி. அவருடைய பேரன் பி. கே. நேரு அமெரிக்காவில் தூதராக இருந்தார். 1981-இல் ஜம்மு காஷ்மீர் ஆளுநரானார். பரூக் அப்துல்லா ஆட்சியைக் கலைக்க உடன்படாததால் 1984-இல் குஜராத்துக்கு மாற்றப்பட்டார். ஹங்கேரியில் பிறந்த அவர் மனைவி ஷோபா நேரு 108 வயதுவரை வாழ்ந்து, 2017-இல் காலமானார்.

டெல்லியில் இந்தப் பெயர் இன்று ஆட்களைவிட இடங்களில்தான் அதிகம்: 1969-இல் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம், 1982 ஆசிய விளையாட்டுக்காக எழுந்த நேரு ஸ்டேடியம், கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த நேரு பிளேஸ்.

தெற்கே வந்ததும் பெயரின் இயல்பே மாறியது. குடும்பப் பெயர் வைக்காத தமிழர்கள் காந்தி, போஸ் வரிசையில் நேருவையும் பிள்ளைக்கு இடும் பெயராக்கினார்கள். திருச்சியின் தி.மு.க. தலைவர் கே. என். நேரு ஓர் எடுத்துக்காட்டு. இதனால் மக்களவைப் பதிவேட்டில் ஒரு விநோதம் நேர்ந்தது. நந்தலால் வழிவந்த அருண் நேரு 1980 இடைத்தேர்தலில் ரேபரேலியிலிருந்து மக்களவைக்குப் போனார். 2024-இல் பெரம்பலூரிலிருந்து இன்னொரு அருண் நேரு போயிருக்கிறார், இவர் கே. என். நேருவின் மகன். முதலாமவருக்கு நேரு குடும்பப் பெயர், இரண்டாமவருக்கு அப்பா பெயர்.