உரகாமியின் மணியும் கருமழையும்

1945ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் நாள், வியாழக்கிழமை. ஜப்பானின் நாகசாகி நகரில், உரகாமிப் பகுதியிலுள்ள அமலோற்பவ அன்னை ஆலயத்தில் இரண்டு குருக்கள் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தனர். மரியன்னையின் விண்ணேற்புப் பெருவிழாவுக்கு இன்னும் ஆறு நாள்களே இருந்தன. திருவிழா நெருங்கும் வாரத்தில் எந்தப் பங்கிலும் நாம் காணக்கூடிய காட்சிதான் அது. முற்பகல் 11 மணி 2 நிமிடத்திற்கு, ஆலயத்திலிருந்து ஏறத்தாழ அரை கிலோமீட்டர் தொலைவில் அணுகுண்டு வெடித்தது. குருக்களும், ஒப்புரவு பெறக் காத்திருந்தோரும் ஆலயத்தோடு மாண்டனர்.

உரகாமி மக்களின் வரலாறு நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. நமது முத்துக்குளித்துறைக் கடற்கரையில் 1542 முதல் நடந்து திரிந்து செபங்கள் கற்பித்த அதே புனித சவேரியார்தாம், 1549 ஆகஸ்ட் 15 அன்று ஜப்பானின் ககோஷிமாவில் கரையிறங்கினார். அவர் விதைத்த விசுவாசம் நாகசாகியில் வேரூன்றியது. 1597இல் அந்நகரின் குன்றொன்றில் 26 பேர் சிலுவையில் அறையப்பட்டனர். 1614இல் நாடெங்கும் கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டது. அதன்பின் தலைமுறை தலைமுறையாகக் குருக்களின்றி, திருப்பலியின்றி, திருமுழுக்கையும் செபங்களையும் மட்டுமே மறைவில் காத்து வந்த உரகாமி மக்கள், 1865இல் ஒரு பிரெஞ்சுக் குருவிடம் தங்களை வெளிப்படுத்திக்கொண்டனர். விளைவு, மீண்டும் வேதகலாபனை. ஏறத்தாழ 3,400 பேர் ஊரைவிட்டுக் கடத்தப்பட்டனர். அவர்களில் அறுநூற்றுக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. 1873இல் தடை நீங்கி ஊர் வந்தவர்கள், தங்கள் முன்னோர் திருவுருவங்களைக் காலால் மிதிக்குமாறு கட்டாயப்படுத்தப்பட்ட நிலத்தையே விலைக்கு வாங்கி, 1895இல் ஆலயப் பணியைத் தொடங்கி, 1914இல் நிறைவு செய்தனர். அடுத்த முப்பத்தோராம் ஆண்டில் அது இடிபாடாயிற்று. உரகாமியின் கத்தோலிக்கர் சுமார் 12,000 பேரில் சுமார் 8,500 பேர் அக்குண்டினால் மடிந்தனர் என்பர்.

இத்தகைய அழிவை மனிதன் எவ்வாறு எழுத்தில் வடிக்கிறான்? எழுதும்போது இறைவனை எங்கே நிறுத்துகிறான்? இக்கேள்விகளோடு ஒரு நினைவு நூலையும் ஒரு புதினத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நினைவு நூலை எழுதியவர் டாக்டர் தகாஷி நகாய். 1908இல் பிறந்தவர், நாகசாகி மருத்துவக் கல்லூரியின் கதிரியக்கத் துறை மருத்துவர். உரகாமியின் பழங்கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றோடு ஏற்பட்ட பழக்கத்தால் விசுவாசத்தைக் கண்டடைந்து, 1934இல் திருமுழுக்குப் பெற்று, அக்குடும்பத்தின் மகளாகிய மிதோரியை மணந்தார். ஆண்டுக்கணக்கில் எக்ஸ்ரே கருவிகளோடு உழைத்ததன் பலனாக, 1945 ஜூன் மாதத்தில் அவருக்கு இரத்தப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. இன்னும் மூன்றாண்டு வாழலாம் என்று கணித்தனர். பிள்ளைகள் இருவரையும் மனைவி காப்பாற்றுவாள் என்பதே அவருடைய ஆறுதல். குண்டு விழுந்த அன்று, தாமே காயமுற்றிருந்தும் நோயாளிகளைக் கவனித்துவிட்டுப் பின்னர் வீடு வந்த அவர், சாம்பல் மேட்டில் மனைவியின் கரிந்த எலும்புகளைக் கண்டார். அருகில் அவருடைய செபமாலை உருகிக் கிடந்தது. பாட்டியுடன் மலைக்கிராமத்திற்கு அனுப்பப்பட்டிருந்ததால் பிள்ளைகள் பிழைத்தனர்.

அவ்வாண்டு நவம்பர் 23ஆம் நாள், ஆலய இடிபாடுகளிடையே இறந்தோருக்காகத் திருப்பலி நிறைவேற்றப்பட்டது. பொதுநிலையினர் சார்பில் பேசுமாறு நகாய் கேட்டுக்கொள்ளப்பட்டார். அக்காலத்தில் உரகாமி மக்கள் ஒரு கொடிய சொல்லைக் கேட்டுக்கொண்டிருந்தனர். அந்நிய மதத்தைத் தழுவியதற்குக் கடவுள் அளித்த தண்டனையே இக்குண்டு என்பது அச்சொல். போர்முனையிலிருந்து திரும்பி, மனைவி மக்கள் அனைவரையும் இழந்து நின்ற விசுவாசி ஒருவர் அதனை நகாயிடமே வந்து கூறி அழுதார். அதற்கு மறுமொழியாகத்தான் நகாய் தம் உரையை எழுதினார். குண்டு முதலில் கொகுரா நகருக்கெனக் குறிக்கப்பட்டிருந்ததும், அங்கே பார்வை மறைந்ததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியதும் தற்செயலா என்று அவர் கேட்டார். போரின் பாவத்திற்குப் பரிகாரமாக, மாசற்ற ஆட்டுக்குட்டி போல் உரகாமி தெரிந்துகொள்ளப்பட்டது. இது தண்டனையன்று, எரிபலி என்பதே அவருடைய பொருளுரை. கூடியிருந்தோர் கண்ணீருடன் கேட்டனர். அடுத்த மாதம், இடிபாடுகளிலிருந்து உடையாமல் தோண்டி எடுக்கப்பட்ட ஆலயமணி கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய இரவில் ஒலித்தது. அம்மணியே அவருடைய 'நாகசாகியின் மணிகள்' என்னும் நூலுக்குப் பெயராயிற்று.

அந்நூல் வெளிவந்த விதமும் நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது. 1946இல் எழுதி முடிக்கப்பட்டபோதும், அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் தணிக்கை அதனை 1949 வரை நிறுத்திவைத்தது. இறுதியில், 1945 பிப்ரவரியில் மணிலா நகரில் ஜப்பானியப் படையினர் நிகழ்த்திய படுகொலைகளை விவரிக்கும் பகுதியைப் பின்னிணைப்பாகச் சேர்த்த பிறகே அனுமதி கிடைத்தது. குண்டுக்கு நியாயம் தேடுவதே தணிக்கையாளரின் எண்ணம் என்பது வெளிப்படை. ஆயினும், செபமாலையோடு இறந்த நாகசாகியின் தாயும், செபமாலையோடு இறந்த மணிலாவின் தாயும் ஒரே அட்டைக்குள் அடுத்தடுத்துக் கிடந்தனர் என்பதை நான் மறக்க இயலவில்லை. ஒருவரின் இரத்தம் மற்றவரின் இரத்தத்தை ஈடு செய்யுமா?

இங்கே என் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் இளங்குருவாக இருந்தபோது, என் பங்கின் இளைஞர் ஒருவர் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் இறந்தார். அடக்கத் திருப்பலியில், அவருடைய மரணம் ஆண்டவருக்கு உகந்த பலி என்று உருக்கமாக மறையுரை ஆற்றினேன். குருமடத்தில் கற்ற இறையியல் அனைத்தும் அன்று எனக்குத் துணை நின்றது. கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்புகையில் இளைஞரின் தாய் என் அருகில் வந்தார். "பலின்னு சொன்னீங்களே சாமி, கொடுத்தது யாரு? எம் மகன் வேலைக்குத்தான போனான்" என்றார். அவர் குரலில் சினம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். என்னிடம் விடை இல்லை.

நாகசாகியிலும் அக்கேள்வி காலப்போக்கில் எழுந்தது. நகாய் 1951 மே மாதம் முதல் நாள் மறைந்தார். அதற்குள் அவருடைய நூல்கள் பெரும் புகழ் பெற்றிருந்தன. 1950இல் திரைப்படமும் வந்தது. ஆனால் 1972இல், தாமும் அக்குண்டுக்குத் தப்பியவரான கவிஞர் யமடா கான், நகாயின் எரிபலிக் கருத்தைக் கடுமையாக விமர்சித்தார். இறந்தோரெல்லாம் பலி எனில், போரைத் தொடங்கியவர்களும் குண்டை வீசியவர்களும் பொறுப்பிலிருந்து விடுபடுகிறார்களே என்பது விமர்சகர்களின் வாதம். பலியாகத் தெரிந்துகொள்ளப்பட்டவர் முறையிடலாகாது என்ற எண்ணம் பரவியதால், கத்தோலிக்கர் பலர் தங்கள் வேதனையை வெளியே சொல்லாமல் வாழ்ந்தனர் என்றும் கூறப்பட்டது. இதனை நாம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

இனி, புதினத்திற்கு வருவோம். மசூஜி இபுசே 1898இல் ஹிரோஷிமா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். 1945 ஆகஸ்ட் 6 அன்று நடந்த ஹிரோஷிமா அழிவை அவர் நேரில் கண்டவரல்லர். தப்பிப் பிழைத்த ஒருவரின் நாட்குறிப்பையும் வேறு சில பதிவுகளையும் ஆதாரமாகக் கொண்டு, இருபது ஆண்டுகள் கழித்து, 1965இல் ஒரு திங்களிதழில் அவர் தொடர்கதை எழுதத் தொடங்கினார். பிற்காலத்தில் 'கருமழை' எனப் பெயர் பெற்ற அக்கதைக்கு அவர் முதலில் இட்ட தலைப்பு 'பெறாமகளின் திருமணம்' என்னும் பொருளுடையது. இத்தலைப்பே அவருடைய நோக்கைக் காட்டிவிடுகிறது.

போர் முடிந்து சில ஆண்டுகளுக்குப் பின் கதை நடக்கிறது. ஷிகெமத்சுவும் அவர் மனைவியும் தங்கள் மகளைப்போல் வளர்க்கும் யசுகோ என்ற பெண்ணுக்கு வரன் தேடுகின்றனர். குண்டு விழுந்த அன்று அவள் நகருக்குள் இருந்தாள், அவளுக்கு அணுக்கதிர் நோய் உண்டு என்று ஊரில் வதந்தி. வரும் சம்பந்தங்கள் தட்டிப்போகின்றன. பெண்ணைப் பற்றிய ஒரு வதந்தி என்ன செய்யும் என்பது நம் ஊர்களில் யாருக்குத்தான் தெரியாது? வதந்தியைப் பொய்யாக்க, அவளுடைய நாட்குறிப்பைப் படியெடுத்து மாப்பிள்ளை வீட்டாரிடம் காட்ட ஷிகெமத்சு முற்படுகிறார். வெடித்த நேரத்தில் அவள் நகரில் இல்லை என்பது உண்மை. ஆனால் பின்னர் கரிய மழை அவள்மேல் பெய்தது என்பதும் அதே குறிப்பில் இருக்கிறது. அதனை எழுதுவதா, விடுவதா? மெய்யை நிலைநாட்டத் தொடங்கிய பணியே மெய்யால் இடறுகிறது. இறுதியில் யசுகோவிடம் நோய் வெளிப்படுகிறது. திருமணப் பேச்சு நின்றுபோகிறது.

இப்புதினத்தில் எரிபலி இல்லை, விளக்கமும் இல்லை. போர்க்கால உணவு என்ன, எந்தக் கீரையை எப்படிச் சமைத்தார்கள் என்று மனைவி எழுதிவைக்கிறாள். கடின உழைப்பு கூடாதென்று மருத்துவர் தடுத்த நோயாளிகள் தூண்டில் போடச் சென்றால், சோம்பேறிகள் என்று ஊர் ஏசுகிறது; ஆகவே அவர்கள் மீன்குஞ்சு வளர்க்க முனைகிறார்கள். போருக்குப் பின்னான வாழ்வு என்பது இத்தகைய சிறு அவமானங்களாலும் சிறு முயற்சிகளாலும் ஆனதே.

ஒரு காட்சி மட்டும் குரு என்ற முறையில் என்னை வெகுவாகப் பாதித்தது. ஹிரோஷிமா அழிவுக்குப் பின் இறந்தோரை அடக்கம் செய்ய மதகுரு கிடைப்பதில்லை. தொழிற்சாலை மேலாளர், ஊழியராகிய ஷிகெமத்சுவை அப்பணிக்கு அனுப்புகிறார். அவர் பௌத்த ஆலயமொன்றை நாடி, இறந்தோருக்கான மறையுரைகளைக் கையேட்டில் எழுதிக்கொண்டு வந்து, சவத்துக்குச் சவம் வாசிக்கிறார். விளக்கம் சொல்லும் தகுதி தனக்கு உண்டென்று அவர் எண்ணுவதில்லை. இறந்தவன் ஒரு சொல்லும் இன்றிப் போய்விடக்கூடாது என்பதற்காக வாசிக்கிறார், அவ்வளவே. அன்று கல்லறைத் தோட்டத்தில் நான் செய்திருக்க வேண்டியதும் அதுதானோ என்று பலமுறை எண்ணியதுண்டு.

அப்படியானால் இபுசே சரி, நகாய் தவறு என்று முடிவு கட்டலாமா? அவ்வாறு நான் கருதவில்லை. யோபு நூலை நினைவுகூர்வோம். யோபுவின் நண்பர்கள் முதலில் ஏழு நாள் தரையில் அமர்ந்து வாய் திறவாதிருந்தனர். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்களே. பின்னர் அவன் துன்பத்திற்கு விளக்கம் சொல்லத் தொடங்கியபோதுதான் இறைவனின் கோபத்திற்கு ஆளாயினர். நகாய் யோபுவின் நண்பரல்லர், அவரே யோபு. மனைவியின் எலும்பைப் பொறுக்கிய கையால், தம் இரத்தத்தில் மரணத்தைச் சுமந்துகொண்டு, தாயில்லாத இரு பிள்ளைகள் முன்னிலையில் அச்சொல்லைச் சொன்னார். தம் துன்பத்தைக் காணிக்கையாக்க அவருக்கு உரிமை உண்டு. அதே சொல்லைத் துன்புறாத ஒருவர் மேடையிலிருந்து எடுத்துச் சொன்னால், அது எலிப்பாசின் சொல்லாகிவிடுகிறது. அயலார் துன்பத்தை நாம் பலியாக்க முடியாது.

கிறிஸ்துவின் சாவும் அத்தகையதே. தம் உயிரைத் தாமே கையளித்ததால் அது பலி. அவரைக் கையளித்த பிலாத்துவும் கயபாவும் செய்ததோ அநீதி. இவ்விரண்டையும் பிரித்தறியாத இறையியல், ஆறுதல் என்ற பெயரில் அநீதிக்குத் திரையிட்டுவிடும். 1981 பிப்ரவரி 25 அன்று ஹிரோஷிமாவில் நின்ற திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், போர் மனிதனின் செயல் என்று ஐயத்திற்கு இடமின்றி உரைத்தார். அச்சொல் நாகசாகிக் கத்தோலிக்கர் பலருக்குப் பேச வாய் திறந்துவிட்டது என்பர்.

உரகாமி ஆலயத்தில் இரண்டு மணிகள் இருந்தன. குண்டுவெடிப்பில் ஒன்று அழிந்தது. மற்றொன்றே நகாய் கேட்ட மணி. ஆலயம் 1959இல் மீண்டும் கட்டப்பட்ட பின்னும் ஒரு கோபுரம் மணியின்றியே நின்றது. அமெரிக்கக் கத்தோலிக்கர் தந்த காணிக்கையால் புதிய மணி வார்க்கப்பட்டு, எண்பது ஆண்டுகளுக்குப் பின், 2025 ஆகஸ்ட் 9 அன்று முற்பகல் 11.02க்கு இரண்டு மணிகளும் ஒருங்கே ஒலித்தன. குண்டு வீசிய நாட்டினர் விளக்கம் எதுவும் அனுப்பவில்லை; ஒரு மணியை அனுப்பினர்.

அந்தத் தாயை நான் மீண்டும் சந்தித்தால், அவர் கேட்ட கேள்விக்கு இப்போது ஒன்று சொல்வேன்: "அம்மா, அன்று நான் சொன்னது தவறு. உங்கள் மகனை யாரும் பலி கொடுத்திருக்கக் கூடாது." அதன்பின் அவர் பேசட்டும்; நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.