ஆட்சேபணையிலிருந்து ஆசூத்ரணத்துக்கு: கேரளம், 1996

இந்தியாவின் நகரத் திட்டமிடல் சட்டங்களில் பொதுமக்களுக்கென ஒதுக்கப்பட்ட இடம் நெடுங்காலம் ஒரே சொற்றொடருக்குள் அடங்கியிருந்தது: ஆட்சேபணைகளும் ஆலோசனைகளும். 1957ஆம் ஆண்டின் தில்லி வளர்ச்சிச் சட்டம் இதற்குத் தெளிவான சான்று. வரைவுத் திட்டத்தை அதிகார அமைப்பே ஆயத்தம் செய்யும்; பின்னர் அறிவிப்பு வெளியிட்டு, குறித்த நாளுக்குள் எவரும் கருத்துரைக்கலாம் என்று அழைக்கும். கேட்கவேண்டிய கடமை சட்டத்தில் உண்டு. ஆயினும் மக்கள் வாய் திறப்பதற்கு முன்பே பேசுபொருள் முடிவாகிவிடுகிறது. வரைபடத்தை வாசிக்கத் தெரியாதவருக்கு ஆட்சேபிக்கும் உரிமை பெயரளவிலானதே.

இவ்வரிசையைத் தலைகீழாக்க முயன்றது கேரளம். 1996 ஆகஸ்ட் 17, சிங்ஙம் முதல் நாளன்று தொடங்கிய இயக்கத்துக்கு மலையாளத்தில் இடப்பட்ட பெயர் 'ஜனகீயாசூத்ரணம்'. மாநிலத் திட்ட ஒதுக்கீட்டில் 35 முதல் 40 விழுக்காடு உள்ளாட்சிகளுக்கு என அரசு அறிவித்தது. உள்ளாட்சிகள் முதலில் திறன் பெறட்டும், பணத்தைப் பிறகு பார்க்கலாம் என்பது நிர்வாகத்தின் பழகிய வாதம். அதற்குச் செவிசாய்த்திருந்தால் அந்தப் 'பிறகு' வந்திருக்குமா என்பது ஐயமே.

தொடக்கப் புள்ளி, வார்டுதோறும் கூடிய கிராமசபை. பொதுவான தொடக்கவுரைக்குப்பின் கூட்டம் சிறு குழுக்களாகப் பிரிந்தது. வேளாண்மை, குடிநீர், கல்வி, பெண்கள் மேம்பாடு எனத் துறைவாரியாக விவாதம் நடந்தது. சிறிய ஏற்பாடுதான், எனினும் ஆயிரம் பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கத் தயங்கும் பெண், இருபது பேர் நடுவே பேசக்கூடும். முதற்சுற்றுக் கூட்டங்களில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். அங்கு எழுந்த கோரிக்கைகளும் உள்ளூர் வளங்கள் பற்றிய தரவுகளும் சேர்ந்து, ஒவ்வொரு பஞ்சாயத்துக்கும் ஒரு வளர்ச்சி அறிக்கையாயின. பல அறிக்கைகளில் ஊரின் வரலாறும் இடம்பெற்றது. நூற்றுக்கணக்கான ஊர்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் தம் வரலாற்றைத் தாமே எழுதிக்கொண்ட நிகழ்வு, அரசியல் அறிவியலாரைவிட வரலாற்றாய்வாளரின் கவனத்துக்கே கூடுதல் உரியது.

கோரிக்கையைத் திட்டமாக்குவதில்தான் இடர் எழுந்தது. பணிக்குழுக்கள் தந்த திட்ட வரைவுகள் பல, தொழில்நுட்பக் கணக்கின்றி வெறும் விருப்பப் பட்டியல்களாக நின்றன. ஓய்வுபெற்ற பொறியாளர்கள், வல்லுநர்கள் ஆகியோரைக் கொண்ட தன்னார்வத் தொழில்நுட்பப் படை அவற்றைத் திருத்த முன்வந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல, கிராமசபை பயனாளிகளைத் தேர்ந்தெடுக்கும் இடமாகச் சுருங்கியது. ஆடோ வீடோ கிடைக்கும் என எதிர்பார்த்தோர் வந்தனர். நடுத்தர வர்க்கத்தினர் விலகி நின்றனர். இதற்கு மக்களின் ஆர்வக்குறைவைக் காரணம் காட்டுவது எளிது. பொதுக் கிணறு எங்கே அமையவேண்டும் என்பதைவிட யாருக்கு என்ன கிடைக்கும் என்பதையே கூட்டத்தின் முன் வைத்த நடைமுறையும் அதில் பங்கேற்கிறது.

2001இல் ஆட்சி மாறியது. இயக்கத்தின் பெயரும் மாற்றப்பட்டது. ஆனால் வார்டு கிராமசபையும் அதன் வாக்காளரில் பத்தில் ஒருவர் வந்தாகவேண்டும் என்னும் விதியும் சட்டத்தில் நிலைத்தன.

பழங்குடிக் குடியிருப்புகளில் கூடும் சபைக்கு 'ஊருகூட்டம்' என்று பெயர். தமிழ்ச் செவிக்கு விளக்கம் தேவைப்படாத சொல். அட்டப்பாடியில் அக்கூட்டத்தில் அமர்வோர் இருளர், முதுகர், குறும்பர். தம் மொழியில் அவர்கள் கூறுவது, ஆட்சிமொழியான மலையாளத்தில் எழுதப்படும் பதிவேட்டைச் சென்றடையும்போது எவ்வளவு எஞ்சுகிறது என்பதைப் பங்கேற்பு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் வருகை எண்ணிக்கையோடு கடந்துவிடுகின்றன.