அறிக்கை இல்லாமலே கலைந்த ஆட்சி

அமெரிக்க அதிபர் நினைச்சாலும் ஒரு மாநில அரசைக் கலைக்க முடியாது. நம்ம ஊர்ல?

1991 ஜனவரி 30. கலைஞர் ஆட்சியைக் கலைக்க பிரதமர் சந்திரசேகர் அரசு முடிவு பண்ணிடுச்சு. ஆளுநர் பர்னாலாவோ அறிக்கை தர மறுத்துட்டார். ஆனா அரசியல் சட்டத்தின் 356வது பிரிவு, ஆளுநர் அறிக்கை அல்லது 'வேறு வகையில்' கிடைத்த தகவல் என்கிறது. அந்த ரெண்டு வார்த்தை போதுமானதா இருந்துச்சு.

கையெழுத்துப் போட்ட குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் யாரு? 1977லயும் 1980லயும் தென்சென்னையில ஜெயிச்ச எம்.பி.! அமைச்சரவையின் ஆலோசனைக்கு அவர் கட்டுப்பட்டவர்தான். ஆனாலும் 1978-ஆம் ஆண்டின் 44வது திருத்தப்படி, மறுபரிசீலனைக்கு ஒரு தடவை திருப்பி அனுப்பலாம். அவர் அனுப்பலை. சின்ன அதிகாரம்தான், ஆனா வெத்து அதிகாரம் இல்லை. 1997ல உத்தரப் பிரதேச ஆட்சியைக் கலைக்கச் சொல்லி வந்த பரிந்துரையை கே.ஆர். நாராயணன் திருப்பி அனுப்பினார், டெல்லி பின்வாங்கிடுச்சு.