குழாயும் தொட்டியும்

2017 மார்ச். படிப்பு முடிந்து நான்கு வருடமாகியும் பொத்தேரியில் கல்லூரிக் காலத்து அறையை நான் காலி செய்திருக்கவில்லை. வேலை பரனூர் பக்கம். மின்சார ரயிலில் ஏறினால் காட்டாங்குளத்தூர், மறைமலை நகர், சிங்கபெருமாள் கோவில், அடுத்தது பரனூர். வாடகையும் குறைவு, சாப்பாடும் பழகியது. ஏரிக்குப் போகும் வழியில் ஒரு மெஸ். அந்த மெஸ் அக்காவுக்கு ஒரு தம்பி. மறைமலை நகரில் ஏதோ கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை, வாரத்துக்கு வாரம் மாறும் ஷிப்ட். ஒருநாள் ராத்திரி எனக்குத் தோசை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தான்.

"அண்ணா, ஃபயர் சர்வீஸுக்கு அப்ளை பண்ணியிருக்கேன். மே மாசம் எக்ஸாம். ஓட்டம், கயிறு எல்லாம் பிரச்சனை இல்ல. இந்த உளவியல்தான் வரமாட்டேங்குது. நீங்க இன்ஜினியரு, கொஞ்சம் சொல்லித் தாங்களேன்."

உளவியல் என்றதும் ஃப்ராய்டைப் பற்றி ஏதாவது இருக்கும் என்று நினைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். எண் தொடர், கோடிங்-டீகோடிங், பொருந்தாததைத் தேர்ந்தெடு, ரயிலின் வேகம், கடிகார முட்களின் கோணம். கல்லூரி மூன்றாம் ஆண்டில் கேம்பஸ் இன்டர்வியூவுக்காக நாங்கள் போட்டுத் தள்ளிய அதே கணக்குகள். அப்போது இதற்கு ஆப்டிட்யூட் என்று பெயர்.

தேர்வை நடத்துவது தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமம். 1991-இல் ஏற்படுத்தப்பட்டது. இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் மூன்றுக்கும் ஒரே பொதுத் தேர்வு. அன்றைய முறைப்படி எழுத்துத் தேர்வுக்கு 80 மதிப்பெண்: பொது அறிவு 50, உளவியல் 30. உடல்திறனுக்கு 15, என்சிசி மாதிரியான சிறப்புச் சான்றிதழ்களுக்கு 5. ஆக 100. எரியும் வீட்டுக்குள் நுழையப் போகிறவனுக்கும் குற்றவாளியை விரட்டப் போகிறவனுக்கும் ஒரே தாள்.

முதல் நாளே குழாய்-தொட்டி கணக்கில் வந்து நின்றோம். ஒரு குழாய் தொட்டியை 6 மணி நேரத்தில் நிரப்பும், இன்னொரு குழாய் 8 மணி நேரத்தில் காலி செய்யும். இரண்டையும் ஒன்றாகத் திறந்தால் தொட்டி எப்போது நிரம்பும்?

"எவன்ணா ரெண்டையும் சேர்த்துத் தொறப்பான்? கீழ இருக்கறத மூடிட்டு ஊத்த வேண்டியதுதான?"

சிரித்துவிட்டு, ஆறில் ஒன்றிலிருந்து எட்டில் ஒன்றைக் கழித்தால் இருபத்து நான்கில் ஒன்று, அதனால் 24 மணி நேரம் என்று எழுதிக் காட்டினேன். தலையாட்டினான். மறுநாள் எண்களை மாற்றிக் கொடுத்தபோது மறுபடி முழித்தான். நைட் ஷிப்ட் முடிந்து வந்தவன் கண்ணில் தூக்கம் நின்றது. மூன்று வாரம் பார்த்துவிட்டு ஒருநாள் சொல்லிவிட்டேன்: "தம்பி, இது உனக்கு செட் ஆகாது. ஜிகேல 45 எடுக்கப் பாரு. இதுல வர்றது வரட்டும். இதெல்லாம் மண்டையிலயே இருக்கணும்."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தை மூடிக்கொண்டே கேட்டான்: "இதுக்கு ஏன்ணா உளவியல்னு பேரு வெச்சிருக்காங்க?"

மே மாதம் எழுதினான். உடல்திறன் தேர்வுக்குக் கூப்பிடும் பட்டியலில் அவன் எண் இல்லை. ஏரிக்கரையில் தினமும் ஓடி, 7 நிமிடத்தில் முடித்தால் போதும் என்கிற 1500 மீட்டரை அதற்கு வெகு முன்பே முடிக்கிறவன். ஓடிக் காட்ட வாய்ப்பே வரவில்லை.

அவன் கேட்ட கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் நான் இந்த வரலாற்றில் மாட்டிக்கொண்டேன்.

*

கதை பாரிஸில் தொடங்குகிறது. வகுப்பில் பின்தங்கும் குழந்தைகளைக் கண்டுபிடித்துத் தனிக் கவனம் கொடுக்க வேண்டும் என்று பிரெஞ்சு அரசு விரும்பியது. அதற்காக ஆல்ஃபிரட் பினே என்ற உளவியலாளர், தியோடர் சிமோனுடன் சேர்ந்து 1905-இல் ஒரு கேள்வித் தொகுப்பைத் தயாரித்தார். எளிதிலிருந்து கடினம் வரை வரிசையாகப் போகும் சின்னச் சின்ன வேலைகள். யாருக்கு உதவி தேவை என்று பார்ப்பது மட்டுமே நோக்கம். அறிவு என்பது கூட்டவே முடியாத நிலையான அளவு என்று சொன்னவர்களைப் பினே கடுமையாக எதிர்த்தார். கவனத்தையும் நினைவாற்றலையும் வளர்க்கப் பயிற்சிகள்கூட வகுத்தார். 1911-இல் இறந்துபோனார்.

அட்லாண்டிக்கைக் கடந்ததும் அந்தக் கருவியின் பொருள் தலைகீழானது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லூயிஸ் டெர்மன் அதைத் திருத்தி, விரித்து, 1916-இல் ஸ்டான்ஃபோர்டு-பினே தேர்வாக வெளியிட்டார். மன வயதை உண்மை வயதால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் ஐக்யூ. பெரியவர்களுக்கு எந்த வயதானாலும் 16-ஆல் வகுக்க வேண்டும். அறிவு பெரும்பாலும் பிறவியிலேயே வருவது, பரம்பரையாக இறங்குவது என்பது டெர்மனின் உறுதியான நம்பிக்கை. பினே வைத்தியனுக்காகச் செய்த வெப்பமானி, டெர்மன் கையில் ஜாதகமானது.

அந்தத் தேர்வை வேலைக்கு ஆள் எடுக்க முதன்முதலில் பயன்படுத்திப் பார்த்தவர்களில் டெர்மனும் ஒருவர். யார்மேல் பயன்படுத்தினார் என்று படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1916 இறுதியில் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரத்தில் போலீஸ், தீயணைப்பு வேலைகளுக்கு விண்ணப்பித்த 30 பேர். இன்று என் நண்பர்கள் பாதிப் பேர் ஹெச்1பி விசாவில் வசிக்கும் அதே சான் ஹோசே. சுருக்கிய ஐக்யூ தேர்வோடு வாசிப்பு, கணக்கு மாதிரியான பள்ளிப் பாடத் தேர்வுகளும் வைத்தார்கள். அடுத்த ஆண்டு டெர்மன் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். சராசரி ஐக்யூ 84. அதாவது 16-க்குப் பதிமூன்றரை. 80-க்குக் கீழே இருப்பவர்களை எடுக்க வேண்டாம் என்பது அவர் யோசனை.

பொத்தேரியின் உளவியல் பகுதிக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று இங்கேதான் புரிந்தது. காவலரும் தீயணைப்பாளரும் சேர்ந்து எழுதும் ஒரு தேர்வு, அதைத் தயாரிப்பவர் உளவியலாளர், கேள்வியோ கணக்கும் சொல்லும். நூறு வருடத்துக்கு முன்பே அந்த வடிவம் முழுதாக இருந்திருக்கிறது. அந்த 30 பேரில் எத்தனை பேருக்கு ஏணி ஏறத் தெரியும், புகையில் நிதானமாக இருக்கத் தெரியும் என்பது அந்தத் தாளில் இல்லை.

*

1917-இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. லட்சக்கணக்கான ஆட்களை வேகமாகத் தரம் பிரிக்க வேண்டும். ராபர்ட் யெர்க்ஸ் தலைமையில் டெர்மன் உள்ளிட்ட குழு ஆர்மி ஆல்ஃபா, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஆர்மி பீட்டா என்று இரண்டு தேர்வுகளை உருவாக்கியது. ஆல்ஃபாவின் எட்டுப் பகுதிகளைப் பார்த்தால் நம் கைடுகளின் பொருளடக்கம் மாதிரியே இருக்கும்: கணக்கு, எண் தொடர், ஒப்புமை, எதிர்ச்சொல், கலைந்த வாக்கியத்தைச் சீராக்குதல், கட்டளைப்படி செய்தல். டெர்மனின் மாணவர் ஆர்தர் ஓட்டிஸ் வகுத்த முறையால் ஒரே நேரத்தில் ஒரு கூட்டத்தையே உட்காரவைத்துத் தேர்வெடுத்து, அச்சைக்கொண்டு திருத்திவிட முடிந்தது. சுமார் 17 லட்சம் பேர் எழுதினார்கள்.

அந்தத் தரவை வைத்து கார்ல் பிரிகாம் 1923-இல் ஒரு புத்தகம் எழுதினார். வட ஐரோப்பியர்கள் புத்திசாலிகள், தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வருபவர்கள் மட்டம் என்பது அதன் சாரம். ஆனால் அவர் கையில் இருந்த அட்டவணையே வேறொன்றைச் சொன்னது. குடியேறி 5 வருடத்துக்குள் இருப்பவர்களைவிட 10 வருடம் இருந்தவர்கள் அதிக மதிப்பெண், 20 வருடம் தாண்டியவர்கள் கிட்டத்தட்ட உள்ளூர்க்காரர்கள் அளவுக்கு. கேள்விகளில் அமெரிக்க விளம்பரப் பொருட்களும் பேஸ்பால் ஆட்டக்காரர்களும் இருந்தால் பிறகு எப்படி இருக்கும்? பிரிகாம் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்: முன்பு வந்தவர்கள் நல்ல ரகம், இப்போது வருபவர்கள் மட்ட ரகம். 1930-இல் தன் முடிவுகளுக்கு அடிப்படை இல்லை என்று அவரே எழுதித் திரும்பப் பெற்றார். 1924-இலேயே குடியேற்றத்தைச் சுருக்கும் சட்டம் வந்துவிட்டிருந்தது.

இந்த அட்டவணையைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. "மண்டையிலயே இருக்கணும்" என்று நான் சொன்னதும் பிரிகாம் சொன்னதும் ஒன்றுதான். என் முன்னால் இருந்தவன் அந்தக் கணக்குகளின் ஊருக்குக் குடிவந்து மூன்று வாரமே ஆகியிருந்தது. நான் பல வருடங்களாக அங்கே குடியிருக்கிறேன்.

*

அப்படியானால் இந்தத் தேர்வுகளே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? அங்கேதான் நம் ஊர் வரலாறு குறுக்கே வருகிறது.

தேர்வு இல்லாத இடத்தில் சிபாரிசு இருக்கும். அமெரிக்காவில் ஜெயித்த கட்சி தன் ஆட்களுக்கு வேலைகளைப் பங்குபோட்டது. 1883-இன் பெண்டில்டன் சட்டம் அதற்கு எதிராகத்தான் மத்திய அரசு வேலைகளுக்குத் தேர்வைக் கொண்டுவந்தது. சென்னை மாகாணத்தில் அரசு வேலை சில வீடுகளுக்குள்ளேயே சுற்றியது. நீதிக்கட்சி ஆட்சி 1921-இல் வகுப்புவாரி அரசாணையைப் பிறப்பித்தது. 1929-இல் மெட்ராஸ் சர்வீஸ் கமிஷன் வந்தது. இந்தியாவில் மாகாண அளவில் அதுதான் முதல் தேர்வாணையம். ஒரு கையில் தேர்வு, இன்னொரு கையில் இடப்பங்கீடு. மதிப்பெண் மட்டுமே தகுதி இல்லை, ஆனாலும் யாரோ ஒருவரின் கடிதத்தைவிட மதிப்பெண் மேல் என்று இந்த மாகாணம் அன்றே கண்டுகொண்டது.

மெஸ் அக்காவின் தம்பிக்குக் கடிதம் கொடுக்க யாரும் இல்லை. ஓஎம்ஆர் தாளில் வட்டத்தைக் கருக்கும்போது அவன் யார் மகன் என்று அந்தத் தாளுக்குத் தெரியாது. இந்தத் தேர்வு அவனுக்குச் செய்யும் நல்லது அவ்வளவுதான், ஆனால் அது சின்ன விஷயம் இல்லை.

அளக்காததை அளந்ததாகச் சொல்வதுதான் பிரச்சனை. 2012 ஜனவரியில் சேப்பாக்கம் எழிலகம் வளாகத்தில் இருக்கும் கலச மஹால் தீப்பிடித்தது. 18-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். உள்ளே அணைத்துக்கொண்டிருந்தபோது கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. தீயணைப்பு வீரர் அன்பழகன் இறந்தார். அதிகாரி பிரியா ரவிச்சந்திரன் பலத்த தீக்காயங்களோடு பிழைத்து மீண்டும் பணிக்கு வந்தார். அந்த இரவில் அவர்களை உள்ளே போகவைத்தது எதுவோ, அதற்கு நான்கு விடைகள் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல முடியாது. அமெரிக்காவின் நியூ லண்டன் நகரத்தில் 1996-இல் இதற்கு நேர்மாறான கூத்து நடந்தது. 12 நிமிடத்தில் 50 கேள்விகள் கொண்ட வொண்டர்லிக் தேர்வில் 33 வாங்கிய ஒருவரைப் போலீஸ் வேலைக்கு நேர்காணலுக்கே கூப்பிடவில்லை. 20-இலிருந்து 27 வரை வாங்கியவர்கள் போதுமாம். அதிக அறிவாளிக்குச் சீக்கிரம் அலுத்துவிடும் என்பது காரணம். மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2000-இல் அதை ஏற்றுக்கொண்டது.

*

2017 டிசம்பரில் அடுத்த அறிவிப்பு வந்ததும் நானே மெஸ்ஸுக்குப் போய் அவனைத் தேடினேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். "எதுக்குண்ணா?" என்றான். அவனுக்கு நினைவில்லை, அல்லது நினைவில்லாத மாதிரி இருந்தான்.

இந்த முறை ஒரு நோட்டுப் போட்டேன். எனக்கு இந்தக் கணக்குகள் எப்போது, யார் மூலமாக வந்தன என்று ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தேன். ஈ, ஜே, ஓ, டி, ஒய் என்றால் 5, 10, 15, 20, 25. இதைத் தெரிந்துவைத்திருந்தால் கோடிங் கணக்கில் ஆங்கில எழுத்துகளை விரல்விட்டு எண்ண வேண்டியதில்லை. இது என் மண்டையில் இருந்ததல்ல. மூன்றாம் ஆண்டில் ஒரு பயிற்சியாளர் போர்டில் எழுதிப்போட்டது. எண் தொடரில் முதலில் வித்தியாசம் பார், பிறகு வித்தியாசத்தின் வித்தியாசம் பார் என்பதும் அவர் சொன்னதுதான். இரண்டு செமஸ்டர், வாரத்துக்கு நான்கு மணி நேரம், ஃபேன் ஓடும் வகுப்பு, என் அப்பா கட்டிய ஃபீஸ். என் ஆப்டிட்யூட் என்பது அதுதான்.

பகல் ஷிப்ட் வாரங்களில் மட்டும் ராத்திரி 9 மணிக்கு உட்கார்ந்தோம். 80 கேள்வி, 80 நிமிடம் என்று போனில் டைமர் வைத்து எழுதினான். குழாய்-தொட்டியை மட்டும் கடைசிவரை திட்டிக்கொண்டே போட்டான். 2018 மார்ச்சில் எழுதினான். உடல்திறன் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். கயிறு ஏறி, தாண்டி, ஓடி முடித்துவிட்டு வந்தவனின் உள்ளங்கை தோலுரிந்திருந்தது. கொஞ்ச மாதம் கழித்து மெஸ்ஸில் எல்லாருக்கும் கேசரி.

நான் இப்போது பெங்களூரில். போன வருடம் பொங்கலுக்குப் பேசும்போது அவன்தான் எடுத்தான் அந்தப் பேச்சை. ஒரு குடோன் தீ. வண்டியில் 4,500 லிட்டர் தண்ணீர். நிமிடத்துக்கு 450 லிட்டர் அடித்தால் பத்தே நிமிடத்தில் காலி. கிணறோ ஏரியோ பக்கத்தில் இல்லை. தண்ணீர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து வண்டியை நிரப்ப, அதே நேரத்தில் இந்தப் பக்கம் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். எப்போது காலியாகும், அடுத்த லாரிக்கு எத்தனை நிமிடம் இருக்கிறது என்று பம்ப் பக்கத்தில் நின்றவன் மனசுக்குள்ளேயே போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தானாம்.

"ரெண்டு குழாயையும் சேர்த்துத்தான்ணா தொறந்து வெச்சிருந்தோம்" என்றான்.