அரணி கடைந்த அழல்

பெருஞ்சாந்தி விழாக்காலங்களில் வேள்விச்சாலையின் முன் நாம் திரண்டு நிற்கின்றோம். குண்டங்களில் அழல் ஓங்கிய பின்னர் அதனைக் கண்டு கைகூப்புகின்றோம். அவ்வழல் எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. சூரியகாந்தக் கல்லினின்று எடுத்த தீ, அரணி கடைந்து எடுத்த தீ, வேள்வித் தீ வளர்க்கும் அந்தணர் இல்லத்தினின்று கொணர்ந்த தீ ஆகியவை சிவவேள்விக்கு உரியன என்பது ஆகம வழிப்பட்ட பத்ததி நூல்களின் மரபு. இவற்றுள் அரணித் தீயின் வரலாற்றை இன்று சிந்திப்போம்.

அரணி என்பது தீக்கடையும் கட்டை. கீழே ஒரு பலகை. அதில் சிறு குழி. அக்குழியில் ஊன்றிச் சுழல்வது கடைகோல். ஒருவர் கோலின் தலையை மேலிருந்து அழுத்திப் பிடிக்க, மற்றொருவர் கோலிற் சுற்றிய கயிற்றைத் தயிர் கடைவதுபோல் மாறி மாறி இழுப்பார். மரத்தோடு மரம் உராய்ந்து நுண்ணிய தூள் உதிரும். தூள் முதலிற் பழுப்பாகும், பின் கறுக்கும், புகையும், முடிவில் கடுகளவு கனல் அதனுள்ளே கண் விழிக்கும். அதனை உலர்ந்த தேங்காய் நாரில் ஏந்தி மெல்ல ஊதினால் சுடர் எழும். இடையில் கை ஓய்ந்தால் சூடு தணிந்துவிடும். மீண்டும் முதலிலிருந்தே தொடங்க வேண்டும். மரம் ஈரமாயிருந்தாலும் கனல் பிறவாது. மந்திரம் சொன்ன அளவில் தீ தானே தோன்றுகிறது என்று கருதுவோர் உளர். அஃது அன்று. மந்திரத்தோடு கையுழைப்பும் இசைந்தே அங்கே தீ பிறக்கின்றது.

இருக்கு வேதத்தின் மூன்றாம் மண்டிலத்து 29ஆம் பாடல் தொகுதி இக்கடைதலையே பொருளாகக் கொண்டது. வன்னி மரத்தின் மேல் கிளைத்த அரச மரத்தினின்று அரணி கொள்ளுதல் வேள்வி நூல்களின் விதி. அதற்குச் சதபத பிராமணம் ஒரு கதை கூறும். புரூரவ மன்னன் கந்தருவரிடம் பெற்ற தீயைக் காட்டில் வைத்துச் சென்றான். திரும்பி வந்தபோது தீ அரச மரமாகவும், அதனை ஏந்திய கலம் வன்னி மரமாகவும் நின்றன என்பது அக்கதை. வன்னி என்னும் சொல்லுக்கே தீ என்னும் பொருளும் உண்டு. திருமுதுகுன்றத்தில் தலமரமாக நிற்பது வன்னி. திருவாவடுதுறையில் நிற்பது அரசு. அம்மரங்களை வலம் வரும்போது இவ்வரலாறும் நம் நெஞ்சில் நிற்றல் வேண்டும்.

ஆயினும் தீக்கடைதல் வேள்விச்சாலைக்கு மட்டும் உரியதாய் இருந்ததில்லை. பழந்தமிழர் இக்கருவியை ஞெலிகோல் என்றனர். நற்றிணையின் 142ஆம் பாட்டில், மழை பெய்யும் நாளில் பால் விற்கும் இடையன் ஒருவன் ஞெலிகோல் முதலியவற்றைத் தோலிற் சுருக்கிக் கட்டிச் செல்கின்றான். பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆயன், ஞெலிகோலால் பெற்ற தீயைக் கொண்டே தன் குழலுக்குத் துளையிடுகின்றான். அத்தகைய ஆயர் குலத்தில் தோன்றிக் கொன்றை நிழலில் நின்று திருவைந்தெழுத்தைக் குழலில் இசைத்தவர் ஆனாய நாயனார் என்பதை இங்கே நினைந்து கொள்வோம். புறநானூற்றின் 315ஆம் பாட்டில் ஔவையார் அதியமானை இக்கோலுக்கே ஒப்பிடுகின்றார். வீட்டு இறைப்பில் செருகிய கோல் வெறும் குச்சியாகவே தோன்றும். வேண்டுங்கால் அதனினின்றே பெருந்தீ வெளிப்படும். அரசனின் அடக்கமும் ஆற்றலும் அத்தகையன என்பது கருத்து.

பிற நாட்டாரும் இவ்வழியை அறிந்திருந்தனர். எகிப்து நாட்டில் 1922ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட துட்டன்காமன் மன்னனின் கல்லறையில், வில்லின் நாணால் சுழற்றும் தீக்கடைகோலும் இருந்தது. அம்மன்னன் வாழ்ந்து ஏறத்தாழ 3300 ஆண்டுகள் ஆகின்றன. பின்னர், இங்கிலாந்தில் ஜான் வாக்கர் என்பார் 1827ஆம் ஆண்டு உரசு தீக்குச்சியை விற்கத் தொடங்கினார். நம் சிவகாசியில் 1923 முதல் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியது. ஞெலிகோல் வீட்டு இறைப்பை விட்டு மறைந்தது. எனினும் வேள்வியில் அது மறையவில்லை. 1975ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் கேரளத்துப் பாஞ்ஞாளில் நம்பூதிரி அந்தணர்கள் பன்னிரண்டு நாள் நிகழ்த்திய அக்கினிசயன வேள்விக்கு அரணி கடைந்தே தீ எடுத்தனர்.

ஒரு நொடியில் தீக்குச்சி கிழிக்கும் காலத்தில் இத்துணை உழைப்பு எதற்கு என்று இளைஞர் வினவுவர். வினா நியாயமானதே. சூட்டை மட்டும் கருதினால் இரண்டு தீக்கும் வேற்றுமை இல்லை. ஆனால் அரணி நமக்கு ஓர் உண்மையைக் கண்முன்னே காட்டுகின்றது. சுவேதாசுவதர உபநிடதம் உடலைக் கீழ் அரணியாகவும், பிரணவத்தை மேல் அரணியாகவும், தியானத்தைக் கடைதலாகவும் கூறுகின்றது. நம் அப்பர் பெருமானும் ஐந்தாம் திருமுறையில், மரத்தில் தீயும் பாலில் நெய்யும்போல இறைவன் மறைந்து உறைகின்றான் என்று அருளினார். கடைவதற்கு வேண்டும் கருவிகளையும் அவரே சொன்னார்: இறைவனிடத்துக் கொள்ளும் உறவு ஒன்று, தெளிந்த உணர்வு மற்றொன்று. குலமோ செல்வமோ கல்விச் செருக்கோ அவர் கேட்கவில்லை. வேள்வியாசிரியர் கையிலும் இடையன் தோற்பையிலும் ஒருங்கே இருந்த கருவி அது. ஆதலின் அவ்வுவமை எல்லார்க்கும் உரியதாயிற்று.

ஆகவே, அன்பர்களே, அடுத்த முறை வேள்விச்சாலையில் அரணி கடையும்போது, தீ தோன்றத் தாழ்த்தால் முணுமுணுக்க வேண்டா. சூடம் ஏற்றிவிடலாமே என்று சொல்லவும் வேண்டா. கயிறு இழுப்பவர் கைகளை நோக்கி, அமைதியாக ஐந்தெழுத்தை எண்ணி நிற்போம். நாம் காத்து நிற்கும் அந்நேரமும் வழிபாடே. வன்னியும் அரசும் நம் திருக்கோயில்தோறும் தழைக்க நட்டுக் காப்போம். உள்ளத்தில் கடைதல் ஓயாதிருக்கத் திருவருள் துணை நிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.