உறைந்த நீரும் ஒல்லாந்த ஓவியமும்

கொத்மலைப் பள்ளத்தாக்கினர் அறிந்த நீர், கொத்மலை ஓயாவாய் ஓடும் நீரும், 1985இல் நிறைவுற்ற நீர்த்தேக்கத்திலே தேங்கும் நீருமே. அயலிலுள்ள நுவரெலியாவில் தை, மாசி மாதங்களிற் சில இரவுகளில் உறைபனி படிந்து தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிடுவதுண்டு. எனினும், ஆறும் ஏரியும் இறுகி மாந்தரைத் தாங்கி நிற்குங் காட்சி இம்மலைநாட்டிற்கு உரியதன்று. அக்காட்சியைச் சிறந்த ஓவியப் பொருளாக்கிய மக்களோ இத்தீவிற்குப் புதியவரல்லர். கறுவா வாணிகத்தின் பொருட்டு 1658 முதல் 1796 வரை இலங்கைக் கரைநாட்டை ஆண்ட ஒல்லாந்தரே அவர்.

பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவின் குளிர் இன்றையதினுங் கடுமையாயிருந்தது. 1565இற் பீட்டர் புறூகல் தீட்டிய, வேடர் பனியிலே திரும்பும் ஓவியத்தின் கீழ்ப்புறத்தே, உறைந்த குளங்களிற் சறுக்கி விளையாடும் சிற்றுருவங்கள் உள்ளன. அங்கு அது காட்சியின் ஓர் உறுப்பு மாத்திரமே. அதனைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர் ஹென்ட்றிக் அவர்காம்ப் (1585–1634). ஆம்ஸ்ரடாமிற் பிறந்து கம்பென் நகரில் வாழ்ந்த இவர் 'கம்பென் ஊமையர்' என்றே அழைக்கப்பட்டார்.

1608ஆம் ஆண்டளவில் அவர் வரைந்த குளிர்கால நிலக்காட்சி ஆம்ஸ்ரடாம் றைக்ஸ் அரும்பொருட்சாலையில் உள்ளது. சீமானும் சீமாட்டியும், சுமை சுமப்போரும், சறுக்கி வீழ்ந்தோரும் ஒரே பனித்தளத்திற் காட்சி தருகின்றனர். இடப்புற மூலையிற் செத்த விலங்கொன்றை நாயும் காகமும் தின்கின்றன. அண்மையிற் பழங்கதவாற் செய்த பறவைப்பொறி நிற்கின்றது. இவ்வோவியத்தை வெறுங் களியாட்டப் படமென்பார் அம்மூலையை நோக்காதோரே. குளிர் செல்வர்க்கு விளையாட்டு; வறியோர்க்கோ விறகும் உணவும் அருகிய காலம். இரண்டையும் ஒரு சட்டத்துள் வைத்தமையே அவர்காம்பின் பெருமை.

அவர் இளைஞராயிருந்த 1602இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி தோன்றிற்று. அவ்வாண்டிலேயே ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பிற் கரையிறங்கிக் கண்டியில் முதலாம் விமலதர்மசூரியனைக் கண்டார். வாணிகச் செல்வம் பெருக, திருச்சபையும் அரசவையுமன்றி நகரமாந்தரும் ஓவியம் வாங்கலாயினர். அன்றாட வாழ்வு ஓவியமேறியது இச்சந்தையினாலேயாம். பிற்காலத்தில் அச்செல்வத்தில் இலங்கைக் கறுவாவுக்கும் பங்குண்டு என்பதை ஈழத்து மாணவர் மறத்தலாகாது.

ஏறக்குறைய இரு நூற்றாண்டுகளின் பின் பனித்தளத்திற் கூட்டத்தைக் காணோம். 1790களில் ஸ்கொத்லாந்து ஓவியர் ஹென்றி றேபேர்ண் தீட்டியதாகக் கருதப்படும் படத்தில், டடிங்ஸ்டன் ஏரிமீது கரிய உடையணிந்த போதகர் றொபேட் வோக்கர் ஒருவரே, கைகளை மார்பிற் கட்டி, ஒற்றைக்காலிற் சறுக்கிச் செல்கின்றார். (இதனை வரைந்தவர் டான்லூ என்னும் பிரெஞ்சுக்காரர் என 2005இல் எழுந்த வாதம் நிலைபெறவில்லை.) வோக்கரின் தந்தை றொட்டர்டாமிலே ஸ்கொத்லாந்துத் திருச்சபைப் போதகராயிருந்தவர், மகன் ஒல்லாந்தக் கால்வாய்களிலேயே இதனைப் பயின்றிருத்தல் கூடும். ஆயின் ஊரார் யாவர்க்கும் பொதுவான அவ்விளையாட்டு எடின்பரோவிற் கனவான்களின் கழகக் கலையாயிற்று. வோக்கர் சேர்ந்திருந்த சறுக்கற் கழகத்தில் இடம்பெற விரும்புவோர், ஒவ்வொரு காலிலும் முழுவட்டமிட்டு, முதலில் ஒன்று, பின் இரண்டு, பின் மூன்று தொப்பிகளைத் தாண்டவேண்டும். சுமை சுமப்போர்க்கு அங்கு இடமேது? ஸ்கொத்லாந்துத் துரைமாரை ஒரு நூற்றாண்டாகக் கண்டறிந்த தேயிலை நாட்டார்க்குத் தனித்து நிமிர்ந்த இவ்வுருவம் அந்நியமாகத் தோன்றாது. இப்படம் 1949 முதல் எடின்பரோவிலுள்ள ஸ்கொத்லாந்துத் தேசிய ஓவியக்கூடத்துக்கு உரியது.