காமாலை காட்டிய மருந்து

காரைக்குடி வட்டாரத்தில் ஒருவர் கண்ணில் மஞ்சள் படர்ந்தால் வீட்டுப் பெரியவர்கள் முதலில் தேடுவது கீழாநெல்லியைத்தான். வேரோடு பறித்து, அரைத்து, மோரில் கலந்து கொடுப்பார்கள். உப்பும் எண்ணெயும் குறைத்துப் பத்தியம் வைப்பார்கள். அரபு மருத்துவ நூல்கள் 'யரகான்' என்று குறிக்கும் இந்நோய் பெரும்பாலும் சில வாரங்களில் தானே இறங்கிவிடும். ஆனால் நோயுற்றோரில் மிகச் சிலருக்கு அது வேறு வழியில் திரும்புகிறது. கல்லீரல் திடீரெனச் செயலிழக்கிறது, பேச்சு குழறுகிறது, நினைவு தப்புகிறது. அந்த இரவில் மருத்துவரின் கையைப் பற்றிக்கொண்டு உறவினர் கேட்பது ஒன்றே: "ஏதாவது கொடுங்கள், டாக்டர்!"

அந்த வேண்டுகோளுக்கு விடையாக ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் பல நாடுகளில் கொடுக்கப்பட்டு வந்த ஒரு மருந்தின் வரலாற்றை இங்கே காண்போம். விந்தை என்னவென்றால், அம்மருந்துக்கு வழி காட்டியதே காமாலைதான்.

அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில், மேயோ மருத்துவ நிலையத்தில் பிலிப் ஹெஞ்ச் என்னும் மருத்துவர் பணியாற்றினார். 1929-இல் அவரிடம் வந்த முடக்குவாத நோயாளி ஒருவர், தமக்குக் காமாலை கண்டதிலிருந்து மூட்டுவலி விட்டுவிட்டது என்றார். ஹெஞ்ச் அதைத் தற்செயல் என்று தள்ளிவிடவில்லை. கருவுற்ற பெண்களுக்கும் அவ்வலி தணிவதைக் கண்டார். உடலே சுரக்கும் ஏதோ ஒரு பொருள் வலியை ஆற்றுகிறது என்று எண்ணித் தேடினார். அவருடன் பணியாற்றிய எட்வர்டு கெண்டால், சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பியிலிருந்து அறிந்த பொருள் ஒன்றை 1948 செப்டம்பர் 21 அன்று முடக்குவாதப் பெண் ஒருவருக்கு ஊசியாகச் செலுத்தினார்கள். நகர முடியாதிருந்தவர் சில நாட்களில் நடந்தார். அதுவே கார்ட்டிசோன். 1950-இல் ஹெஞ்ச், கெண்டால், ரைக்ஸ்டைன் மூவரும் நோபல் பரிசு பெற்றனர்.

அதே 1948-இல், ஜூலை 25 அன்று, நம் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வுக்கூடத்துக்குப் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அதற்கு வழங்கியிருந்தார். அறிவியலால் ஆகாதது இல்லை என்று ராச்செஸ்டரும் காரைக்குடியும் ஒருசேர நம்பிய காலம் அது.

அந்த நம்பிக்கையில் மருத்துவர்கள் எண்ணியது இதுதான்: காமாலையில் கல்லீரல் அழற்சியுற்று வீங்குகிறது, கார்ட்டிசோன் அழற்சியைத் தணிக்கிறது, ஆகவே கல்லீரல் செயலிழந்தவருக்கு அதைக் கொடுத்தால் பிழைப்பார். கேட்பதற்கு எவ்வளவு நேர்த்தியான வாதம்! 1952-இல் சிலி நாட்டு மருத்துவர்கள், இம்மருந்து பெற்றுப் பிழைத்தவர்களைப் பற்றி எழுதினர். பிழைத்தவர் செய்தி கடல் கடந்து பரவும். மருந்து பெற்றும் மாண்டவர் செய்தி ஊர் எல்லையைத் தாண்டுவதில்லை.

பிழைத்தவர் மருந்தால் பிழைத்தாரா, மருந்து இல்லாமலும் பிழைத்திருப்பாரா? இக்கேள்வியை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கேட்டவர் நம் மருத்துவ மேதை அபூபக்ர் அர்ராஸி. சிர்ஸாம் என்னும் மூளை நோய்க்கு இரத்தம் வடிப்பது பயன் தருமா என்றறிய, ஒரு பிரிவினருக்கு வடித்தார். மறு பிரிவினருக்கு வேண்டுமென்றே வடிக்காது விட்டு, இருசாராரையும் ஒப்பிட்டார். இதனை அவருடைய 'அல்ஹாவி' கூறுகிறது.

ராஸியின் அந்த வழியை இன்னும் கண்டிப்பாக்கி, 1976-இல் அமெரிக்க மருத்துவர்கள் ஒரு சோதனையை வெளியிட்டனர். கடுமையான வைரஸ் காமாலை கண்டோரில் சிலருக்கு ஸ்டீராய்டு. சிலருக்கு வெற்று மருந்து. எவருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. முடிவில் மறைப்பை நீக்கிப் பார்த்தபோது, மருந்து பெற்றவர்களிடையேதான் இறப்பு மிகுந்திருந்தது! 1979-இல் ஐரோப்பியக் கல்லீரல் ஆய்வுச் சங்கத்தின் சோதனையும் ஸ்டீராய்டால் பயனில்லை என்றே முடிந்தது.

காரணம் அறிய முடியாததன்று. ஸ்டீராய்டு அழற்சியைத் தணிக்கும்போதே உடலின் காவலையும் தளர்த்துகிறது. ஏற்கெனவே நொந்த உடலில் பிற கிருமிகள் எளிதில் நுழைகின்றன. பி வகை வைரஸோ மேலும் பெருகுகிறது. உடல் தன் கல்லீரலையே தாக்கும் வேறொரு வகைக் கல்லீரல் அழற்சியில் இதே மருந்து உயிர் காக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நோய் எதுவென்று அறியாமல் கொடுப்பதே தீங்கு.

நம் கீழாநெல்லியும் அதே தராசில் ஏறியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் 1988-இல் 'லான்செட்' இதழில், பி வகை வைரஸை நெடுநாள் உடலில் தாங்கியவர்களில் கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேருக்கு அதன் அடையாளம் இரத்தத்திலிருந்து மறைந்ததாகவும், வெற்று மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்ததாகவும் எழுதினர். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற நாடுகளில் நடந்த சோதனைகளில் அப்பயன் காணப்படவில்லை. நம்முடையது என்பதற்காகத் தராசு சாய்வதில்லை.

முற்றிலும் கெட்ட கல்லீரலுக்கு இறுதியில் வழி கண்டது அறுவை மருத்துவம். மயிலாடுதுறைப் பகுதிக் கிளியனூரில் பிறந்த டாக்டர் முகம்மது ரேலா, 1997-இல் லண்டனில், பிறந்து ஐந்தே நாளான பெண் குழந்தைக்கு மாற்றுக் கல்லீரல் பொருத்தி உயிர் காத்தார். ராஸியின் வழித்தோன்றலாக நம் மண்ணின் மைந்தர் ஒருவர் நிற்பது நமக்குப் பெருமையே.

எனினும் எல்லா மருந்துக்கும் முந்தியது காப்பு. 1955-56-இல் தில்லிக் குடிநீரில் சாக்கடை கலந்ததால் சுமார் 29,000 பேருக்குக் காமாலை கண்டது. கருவுற்ற தாய்மார் பலர் மாண்டனர். செட்டிநாட்டு முன்னோரோ குளிக்கும் குளம் வேறு, குடிக்கும் ஊருணி வேறு என்று வைத்து, ஊருணியில் கால் படாமல் காத்தனர். வைரஸ் என்ற பெயர் அவர்களுக்குத் தெரியாது. நீரின் தூய்மை தெரியும். பி வகைக்குத் தடுப்பூசியும் இன்று உண்டு.

ஆகவே, நம் வீட்டில் அப்படியோர் இரவு வந்தால், "ஏதாவது கொடுங்கள்" என்று நெருக்காதிருப்போம். "என்ன நோய் என்று கண்டறியுங்கள்; தக்க மருத்துவமனைக்கு உடனே அனுப்புங்கள்" என்று கேட்போம். கொடுக்கக் கூடாததைக் கொடுக்க மறுக்கும் மருத்துவர் கைவிரித்தவர் அல்லர். அவரும் உயிர் காப்பவரே.